இரட்டைப் புள்ளி அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு இரட்டைப் புள்ளி அக்கா என்று பெயர் வைத்ததே நான்தான். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட நாங்களெல்லாம் முழுப் பெயர் எழுதுவோம். அக்கா மட்டும் புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால் இதே ஃபோல்டரில் தேடு. இரண்டு என்றால் ஒரு படி மேலே போய்த் தேடு. ரொம்பக் கேலி செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. அந்த மதியம் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான்.

அக்காவும் அவர் தம்பியும் சேர்ந்து எழுதிய புரோகிராம் அது. மருத்துவமனையில் ரத்தப் பைகள் வைக்கும் ஃபிரிட்ஜ் சூடானால் அலாரம் அடிக்க வேண்டும். 'அளவு' ஃபோல்டர் சூட்டைப் பார்க்கும். பக்கத்து 'அலாரம்' ஃபோல்டரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அலாரமும் அதைக் கூப்பிடும் வரியும் தம்பி எழுதியவை. ஆறு டிகிரியைத் தாண்டினால் ரத்தம் கெட்டுவிடும். சோதனைக்காக எட்டு என்று வைத்திருந்தான். அதை மாற்றுவதற்குள், பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை.

பதினோரு மாதம் கழித்து, இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபிரிட்ஜில் பைகள் வைக்கப்போகிறோம் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். அக்கா எட்டை ஆறாக்கினார். ஓட்டிப் பார்த்தால் எட்டில்தான் அடித்தது. வேண்டுமென்றே கோப்பில் கன்னாபின்னாவென்று எதையோ தட்டினார். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் அலாரம் ஃபோல்டரையே தூக்கி வேறிடத்தில் போட்டார். அப்போதும் ஓடியது. இல்லாத அலாரம் எட்டில் அடித்தது. திரையில், தம்பி இறந்த வாரமே அக்கா அழித்துவிட்ட ஒரு வரி வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தோம்.

"அக்கா, சாப்பிட்டியா?"

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இது அவன் போட்டது. நான்தான் அழிச்சிட்டேனே," என்றார் அக்கா.

"எங்கேருந்து எடுக்குதுன்னு பாருங்கக்கா."

பார்த்தோம். தம்பி எப்போதோ அலாரத்தை அந்தக் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் செய்திருக்கிறான். பைத்தானின் பொது லைப்ரரிக்குள் பழைய நகல் உட்கார்ந்திருந்தது. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அதுதான் ஓடி வந்திருக்கிறது.

ஃபோல்டரை இடத்தில் வைத்து, கோப்பைச் சரிசெய்து, பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளி வைத்தார் அக்கா. அந்தக் கோப்பை மட்டும் நேராக ஓட்டினால், அதற்கு மேலே உள்ள தாய் பேக்கேஜ் எதுவென்று தெரியவில்லை என்று திரை மறுத்தது. மேல் ஃபோல்டருக்குப் போய் அங்கிருந்து ஓட்டினோம். ஆறில் அடித்தது. தம்பியின் வரி வரவில்லை.

"பழசையும் எடுத்துடணும்கா. நாளைக்கு யாராவது புள்ளி வைக்க மறந்தா?"

"தெரியும்டா. இதையும் எடுத்துட்டா அவன் வேற எங்கேருந்து கேப்பான்?"

அக்கா கட்டளையைத் தட்டியதும், பழைய நகலை நீக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. "நீ அழுத்தேன்," என்றார். சத்தியமாக எனக்குக் கை வரவில்லை. நாலே முக்காலுக்கு அவரே அழுத்தினார்.

பிறகு ஒரே ஒரு தரம், புள்ளி இல்லாமல், பழையபடி முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது திரை.

"சாப்பிட்டேன்டா," என்றார் அதைப் பார்த்து.

மேஜைமேல் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.