ஜோடி வைக்கச் சொன்ன குரல்

ஆறு மணிக்கு வரவேண்டிய பஸ் அன்று ஆறே காலுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் வேறு ஆள். சுங்கை லாலாங் சந்திப்பில் நின்றிருந்த நாங்கள் ஐந்து பேரும் ஏறியபோது, அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பாலன் அண்ணன் ராத்திரி போயிட்டாருக்கா. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." துர்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் "சரி" என்றேன். இன்றைக்கு ஓவர்டைம் இல்லை என்று யாராவது சொன்னால் எப்படிச் சொல்வேனோ, அப்படித்தான் வந்தது. உட்கார்ந்தேன், இறங்கினேன், தொழிற்சாலை வாசலில் வருகை அட்டையைத் தட்டினேன், மாலைவரை கையுறைப் பெட்டிகளைச் சரிபார்த்தேன். ஒரு பெட்டிகூடத் தப்பவில்லை என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

எனக்கு வாய் நீளம் என்பது நம் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, பதினாறாம் நாளன்று படிப்பதற்கு என்னையே எழுதித் தரச் சொன்னார் அண்ணனின் மனைவி கமலா. எழுதுகிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலன் அண்ணன் நான்கு வருடம் நம் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டினார். அதற்கு முன்னால் பினாங்கிலிருந்து கிளம்பும் ஒரு சூதாட்டக் கப்பலில் டீலர். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சீட்டுப் போடுகிற வேலை. பஸ்ஸை நிறுத்திச் சாவியை எடுத்ததும் இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் இருக்கையை விட்டு எழுந்திருப்பார். "யாருகிட்டண்ணே காட்டுறீங்க?" என்று துர்கா ஒருநாள் கேட்டாள். "மேசைய விட்டுப் போறப்ப கையில ஒண்ணுமில்லன்னு மேல இருக்கிற கேமராவுக்குக் காட்டணும்மா." "பஸ்ஸுல ஏதுண்ணே கேமரா?" "எனக்குத் தெரியுது. இந்தக் கைக்குத் தெரியலயே!" என்றார். அன்றிலிருந்து பெண்கள் பாதிப்பேர் கையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். நான் செய்யவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. பாலன் அண்ணனை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். அண்ணன் போகும்வரை இதை என் கணவர் மோகனிடம்கூட நான் சொன்னதில்லை.

அவர் பஸ் ஓட்ட வருவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் என் நாத்தனாருக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தது. இரண்டு இரவு, அறையும் சாப்பாடும் இலவசம். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். இலவசம் என்றால் சும்மா விடுவோமா? போனேன். அவள் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாள். நான் தனியாகச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பாக்காரா மேசைக்கு முன்னால் நின்றேன். ஆட்டம் ரொம்பச் சுலபம். பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு அல்லது மூன்று சீட்டு. எது ஒன்பதுக்குப் பக்கத்தில் வருகிறதோ அது ஜெயிக்கும். நாம் எந்தப் பக்கத்திலும் பணம் வைக்கலாம். இதைத் தவிர ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒரு பக்கத்தின் முதல் இரண்டு சீட்டும் ஒரே மாதிரி வந்தால் ஜோடி. ஒன்றுக்குப் பதினொன்று தருவார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் ஒன்றுக்கு எட்டு.

சுற்றிலும் சீனமும் ஆங்கிலமும்தான். நான் பேங்கரில் ஐம்பது வெள்ளிப் பணத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு குரல்: "ஜோடி வெக்கலயா அக்கா?" நிமிர்ந்தேன். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வில் மாதிரி டை, நம்ம ஊர் முகம். வைத்தேன். இரண்டு ராஜா வந்தது. ஜோடியில் வைத்த ஐம்பதுக்கு ஐந்நூற்றைம்பது வெள்ளியை அவர் என் பக்கம் தள்ளினார்.

நம்ம ஆள் நமக்குச் சாடை காட்டுகிறார் என்றே நான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? அத்தனை பேர் நடுவில் என்னை மட்டும் அக்கா என்று கூப்பிட்டு ஒருவர் சொல்கிறார் என்றால், என்ன வரப்போகிறது என்று தெரிந்துதானே சொல்வார்! டீலர்கள் ஒரே மேசையில் நிற்பதில்லை, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அவர் மாறினால் நானும் மாறினேன். அவர் போன மேசைக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் ஜோடி என்றால் வைத்தேன். ஐம்பது நூறானது, நூறு இருநூறானது. இறங்குகிற நாளில் வீட்டுக் கூரையை மாற்றுவதற்கு வைத்திருந்த ஆறாயிரம் வெள்ளியும் போயிருந்தது. கைப்பையைக் கப்பலில் தொலைத்துவிட்டேன் என்று மோகனிடம் சொன்னேன். பாவம் மனிதர், கப்பல் கம்பெனிக்கு மூன்று தடவை போன் செய்து சண்டை போட்டார். இரண்டு மழைக்காலம் எங்கள் அடுப்படியில் வாளி வைத்துத்தான் சமைத்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் அந்த டீலரைத் திட்டினேன்.

அந்த ஆள்தான் ஒருநாள் காலை பஸ் கதவைத் திறந்து "வாங்கக்கா" என்றார். குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. நான் இளைத்திருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன், அப்போது எல்லோர் முகத்திலும் கவசம் வேறு. ஆறு மாதம் நான் அவருக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மாலதி அக்காவுக்கு என் பஸ்ஸு பிடிக்கல போல" என்று தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பிறகு துர்கா விஷயம் வந்தது. அவள் கைபேசியில் பாக்காரா ஆடத் தொடங்கியிருந்தாள். அதிலும் அந்த ஓரக் கட்டங்களில்தான் வைப்பாள். வேலைக்கு இருபது நிமிடம் முன்பே பஸ் போய் நிற்குமல்லவா? அந்த நேரத்தில் அண்ணன் அவள் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"எட்டுக் கட்டு சீட்டும்மா, மொத்தம் நானூத்துப் பதினாறு. மொதச் சீட்ட எடுத்துட்டா மிச்சம் நானூத்துப் பதினஞ்சு. அதுக்கு ஜோடியா வர்ற சீட்டு அதுல முப்பத்தொண்ணுதான். நூறு தடவ வெச்சா ஏழெட்டு தடவ வரும், அவ்வளவுதான். பன்னெண்டுக்கு மேல குடுத்தாத்தான் நாயம். அவன் குடுக்கிறது பதினொண்ணு."

"ஒண்ணுதானேண்ணே கொறையுது?"

"ஒண்ணுதான். தடவைக்குப் பத்து வெள்ளின்னு நூறு தடவ பேங்கர்ல வெச்சா, சராசரியாப் பத்து வெள்ளி போவும். அதே பத்து வெள்ளிய ஜோடியில நூறு தடவ வெச்சா நூறு வெள்ளி போவும். சமத்துல வெச்சா இன்னும் மோசம், நூத்து நாப்பதுக்கு மேல. அந்தச் சின்னக் கட்டம்தான் மேசையிலயே வெல கூடுன எடம்."

"நேத்து எனக்கு வந்துச்சுலா!"

"வரும்மா. வராட்டி யாரு வெப்பா?"

பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவும் தெரிந்த ஆள்தானே அன்றைக்கு என்னை வைக்கச் சொன்னது? "நல்லாத்தான் கணக்குச் சொல்றீங்க" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். துர்கா உடனே நிறுத்திவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்துத்தான் அதைக் கைபேசியிலிருந்து எடுத்தாள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் சிடாம் கிரி போகும் வழியில் பஸ் நின்றுபோனது. மற்றவர்கள் வேறு வண்டியில் போய்விட்டார்கள். மோகன் வருவதற்காக நான் காத்திருந்தேன், மெக்கானிக் வருவதற்காக அவர் காத்திருந்தார். நல்ல மழை. அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நீங்க கப்பல்ல போயிருக்கீங்களாக்கா?"

"இல்ல. போனதே இல்ல."

"கப்பல்ல ஒரு அக்கா வந்தாங்க. கெடா பக்கத்துப் பேச்சு. ஓரக் கட்டத்துல ஆளுங்கள வெக்கச் சொல்லிக் கூப்புடணும், அது எங்க வேல. எல்லா பாஷையிலயும் கூப்புடுவோம். அவங்களத் தமிழ்ல கூப்புட்டேன். மொத தடவையே வந்திருச்சு. அப்புறம் நான் மேசை மாறினா அவங்களும் மாறினாங்க. சீட்டத் திருப்புறதுக்கு முன்னால என் மூஞ்சியப் பாப்பாங்க. எனக்கு ஏதோ தெரியும்னு நெனச்சுட்டாங்க போலக்கா. போதும், போங்கன்னு சொல்லிருக்கணும். சொன்னா வேல போயிரும். சொல்லல. முகம் மறந்துபோச்சு, அவங்க பாத்த பார்வ மறக்கல. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்தான், வேலைய விட்டுட்டேன்."

நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கயாச்சும் பாத்தா ஒண்ணே ஒண்ணு சொல்லணும். எந்தச் சீட்டு வரும்னு எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது. அவ்வளவுதான்."

வாயைத் திறந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். திறக்கவில்லை. நான்தான் என்று சொன்னால் மோகனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அது பாதி. இத்தனை வருடம் நான் பட்டதை இவரும் கொஞ்ச நாள் படட்டுமே என்று நினைத்தேன். அது மீதி. "பாவம் அந்தக்கா" என்று மட்டும் சொன்னேன். மோகனின் காடி வந்ததும் ஏறிப் போய்விட்டேன். மறுநாள் அவருக்கு வணக்கம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். நாளைக்குச் சொல்லலாம், தீபாவளி முடிந்து சொல்லலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டினேன்.

சாவு வீட்டுக்கு மோகனும் வந்தார். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களயும் கேட்டிருப்பாரே மாலதி? எந்தப் பொம்பளயப் பாத்தாலும் கேட்ருவாரு, கப்பல்ல போயிருக்கீங்களான்னு. எனக்கே வெக்கமாப் போயிரும்."

"கேட்டாரு. போனதே இல்லன்னு சொன்னேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பொய் சொன்னேன் கமலா. அந்த அக்கா நான்தான்."

எனக்குப் பின்னால் மோகன் மாலையோடு நின்றிருந்தார். கமலா என் கையை விடவில்லை.

"சீட்டு தெரியாதுன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு."

"உங்ககிட்டயேவா?"

"என்கிட்டயேதான்."

"எழுதிக் குடுங்க மாலதி. எல்லாத்தயும் எழுதுங்க" என்றார். அதற்குள் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பெடோங் தாண்டியதும் மோகன், "பை தொலையவே இல்லயா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சாப்பாடு எடுத்து வை" என்றார். வைத்தேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் தேவலை.

பாலன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்று மழையில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். யாரிடம் சொல்லவேண்டும் என்று அத்தனை வருடம் தேடினாரோ, அவளிடமே சொல்லிவிட்டார். நானும் நம்பினேன், அந்த நிமிடமே நம்பினேன். அது அவருக்குத் தெரியாது.