போனில் காட்டிய கோட்டை

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். கணவருக்குத் துபாயில் வேலை. கல்யாணமான புதிதில், தரங்கம்பாடிக் கோட்டைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு லீவும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலேயே கழிந்துவிடும்.

சமீபத்தில் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்து அங்கே போனோம். பழைய துறைமுக ஊரைச் சுற்றிக்காட்ட வழிகாட்டிப் பெண் ஒருவர் வந்தார். அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கணவரும் பார்க்கட்டுமே என்று வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் தள்ளிப் போம்மா, முழுக் கோட்டையும் தெரியட்டும்" என்றார். போனைப் பார்த்தபடியே கடல் பக்கமாகப் பின்னால் நடந்தேன்.

"அக்கா, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே வழிகாட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்த்தால், என் குதிகாலை ஒட்டிக் கரைச்சுவர் முடிந்திருந்தது. கீழே கருங்கற்களில் அலை மோதிக்கொண்டிருந்தது.

போன் மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்தபோது, "என்னாச்சு? பேசும்மா!" என்று கணவர் கதறிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லங்க, நல்லா இருக்கேன்."

அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். "எனக்குக் கோட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பத்திரமா வீட்டுக்குப் போ" என்றார்.

இப்போதெல்லாம் வெளியூர் போனால் போன் கைப்பையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து, பார்த்ததையெல்லாம் ஆற அமர அவருக்குச் சொல்கிறேன். அன்று மற்றவர்கள் ஏறிய கோட்டை மாடிக்கு மட்டும் நான் ஏறவில்லை. அவரோடு ஏறுவதற்காக விட்டுவைத்திருக்கிறேன்.