மூன்றாவது சனிக்கிழமைக் கேக்

இந்திராவின் வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருக்கின்றன. பேர்ண் நகரில் இருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புருசன் குகநாதன் அந்தக் கையைக் கதவு நிலையோடு வைத்து முறித்தான். கறியில் உப்புக் கூடிப்போனது காரணம். அதற்கு முந்திய முறை உப்புக் குறைந்திருந்தது. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் ஒரு விலா எலும்பும் இரண்டு பல்லும் இடது காதின் பாதிக் கேட்கும் சக்தியும் போயின. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னாள். மணிக்கட்டுக்கும் அதையே சொன்னபோது, எக்ஸ்ரேயைப் பார்த்த பெண் டொக்டர் கேட்டார்:

"உங்கள் வீடு எத்தனையாம் மாடி?"

"கீழ்வீடு" என்றாள் இந்திரா, யோசிக்காமல்.

அன்றைக்கே பொலிஸ் வந்தது. நூறு மீட்டருக்குள் அவளை நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் குகநாதனுக்குத் தடை போட்டது. இந்திரா ஒரு பையோடு எம்மன்புரூக்கே என்ற ஊருக்கு வந்து முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்த ஒரு கிழவர், ஆற்றங்கரைக் காம்பிங் என்கிற கோடை முகாமில் சும்மா கிடந்த தன் பழைய கேரவன் வண்டியை அவளுக்கு விட்டுக் கொடுத்தார். இருக்க அது போதும். ஆனால் ஒக்டோபர் கடைசியில் காம்பிங்கை மூடித் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் வீடு எடுக்க வேண்டும். மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவளுக்கு வீடு தர யாரும் தயாரில்லை. நான்கு இடத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. நிரந்தர வேலை ஒப்பந்தம் கேட்டார்கள்.

அந்த ஒப்பந்தம் ஒரு கேக்கில் தொங்கியது. லுசேர்ன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஃப்ரௌ பூல்மன் என்ற பெண்மணி நடத்தும் கஃபேயில் இந்திரா விடிகாலையில் தரை துடைத்தாள். ஒருநாள் ரவையும் கஜுவும் ஏலக்காயும் போட்ட கேக்கில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஃப்ரௌ பூல்மன் நின்றபடியே தின்று முடித்தார்.

"ஒருமுறை நன்றாகச் செய்ய எல்லோராலும் முடியும். மூன்று சனிக்கிழமை, பதினொரு மணிக்கு, இதே உயரம், இதே நிறத்தில் கொண்டு வாருங்கள். சரியாக வந்தால் என் சமையலறையில் வேலை."

நன்றாக வந்த அந்த ஒன்றுக்கு முன்னால் பதினேழு கேக்குகள் குப்பைக்குப் போயிருந்தன என்பதை இந்திரா சொல்லவில்லை.

கேரவனின் கேஸ் வெதுப்படுப்பு ஒரு சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. சுடர் அடியில், பின்பக்கமாக எரியும். திருகில் பாகை எண் கிடையாது. ஒரு சின்னச் சுடர்ப் படமும் ஒரு பெரிய சுடர்ப் படமும்தான் உண்டு. முதல் கேக்கின் அடி கரியாகவும் நடு கூழாகவும் வந்தது. இந்திரா அடுப்புக் கதவுக்கு ஒரு உதை விட்டாள். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுடைய பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. அதற்குப் பிறகு உதைக்கவில்லை. ஒரு வட்டத் தெர்மோமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டாள். சுடருக்கு மேலே மண் ஓடு ஒன்றை வைத்தாள். அது சூட்டை வாங்கிப் பரத்தும். கேக் போடுமுன் இருபத்தைந்து நிமிடம் வெறுமனே எரிய விட்டாள். தட்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டாள், இல்லாவிட்டால் சூடு மேலே ஏறாது. பாதியில் ஒரு தரம், ஐந்து எண்ணுவதற்குள், தட்டைத் திருப்பினாள். கேரவன் ஒரு பக்கம் சரிந்தால் கேக்கும் சரியும். தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, கேரவனின் கால்களுக்குக் கீழே பலகை கொடுத்தாள். குளிர் தொடங்கியதும் பியூட்டேன் கேஸ் மந்தமானது, புரோப்பேனுக்கு மாறினாள். மிஞ்சிய ஒரே பலவீனம் கேரவன் கதவு. அதை அடித்துச் சாத்தினால் காற்றுக்கு அடுப்புச் சுடர் அணைந்துவிடும். ஆகவே குழந்தை தூங்கும் அறைக் கதவைப் போல அதைச் சாத்தப் பழகினாள்.

புருசனையும் அடுப்பையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. இந்திரா ஒப்பிடவில்லை. அடுப்புக்குள் தெர்மோமீட்டர் வைக்கலாம்.

முதல் சனிக்கிழமைக் கேக்கும் இரண்டாவதும் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்தன. இரண்டாவதைக் கொடுத்த அன்று பின்னேரம், ஷ்லீரன் என்ற ஊரில் சிநேகிதி மேர்சியின் மகன் ஆருஷுக்கு முதலாவது பிறந்தநாள். அதற்கும் இந்திராதான் கேக் செய்து கொடுத்தாள், பெயரைச் சொல்லக் கூடாதென்ற கண்டிப்போடு. ஆனால் நம்முடைய ஆட்களின் மண்டபத்தில் நன்றியுரை என்று ஒன்று இருக்கிறது. கதிரை அடுக்கினவன் வரைக்கும் மைக்கில் பெயர் சொல்லாவிட்டால் குறை. இரவு எட்டு மணிக்கு மேர்சி அழுதபடி ரெலிபோன் எடுத்தாள்.

"இந்திரா, என்னைப் பேசாதயடி. அறிவிப்பாளர் கேட்டார், கேக் செய்தது ஆர் எண்டு. நான் பேரை மட்டும்தான் சொன்னனான். அந்த மனுசனுக்கு உன்ர இடம் தெரிஞ்சிருக்கு, மைக்கில, எம்மன்புரூக்கே காம்பிங்கில இருந்து எங்கட இந்திரா அக்கா எண்டு பெரிசாச் சொல்லிப்போட்டார். பேர்ண் ஆக்களும் நிண்டவை."

"கேக் வெந்திருந்ததோ?"

"ஓம், நல்லா வெந்திருந்தது."

"அப்ப சரி. வை."

அந்தக் கிழமை முழுவதும் அவள் கதவைப் பூட்டியே வைத்திருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கேக்கை உள்ளே வைத்தாள். எட்டுப் பத்துக்குக் கதவை யாரோ தட்டினார்கள்.

"இந்திரா பிள்ளை, நான் உருத்திரமூர்த்தி."

உருத்திரமூர்த்தி அண்ணை பேர்ண் கோயில் சபைக்காரர். அவள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கடிதங்கள் எழுதிக் கொடுத்த மனுசன். அந்த முகத்துக்காகக் கதவைத் திறந்தாள். அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்து ஏறினார். அவருக்குப் பின்னால் குகநாதன் ஏறினான். கேரவன் இடப்பக்கம் தாழ்ந்தது. இந்திரா அடுப்புக் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே கரையில இருக்காதேங்கோ. ஒராள் அங்கால மாறி இருங்கோ."

"என்ன பிள்ளை, வந்த ஆக்களைத் தராசில வைக்கிறாய்?"

"கேக் சரியுது அண்ணை."

"பாத்தியளோ" என்றான் குகநாதன். "நாலு மாசத்துக்குப் பிறகு புருசன் வந்து நிக்கிறன். அவவுக்குக் கேக்."

அண்ணை மாறி உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "ஒரு வீட்டில இருக்கிற சட்டி பானை முட்டாமலோ பிள்ளை? அதுக்கு வெள்ளைக்காரன்ர கோட்டுக்குப் போறதோ?"

"முட்டின பானைக்குள்ள ஆறு ஸ்குரூ இருக்கு. தொட்டுப் பாருங்கோ." கையை நீட்டினாள். அவர் தொடவில்லை. "நூறு மீட்டருக்குள்ள இவர் வரேலாது. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்."

"உடுப்பை எடு" என்றான் குகநாதன். "கார் நிக்குது."

"இறங்கிப் போங்கோ."

இருபத்தைந்தாம் நிமிடம் ஆகிவிட்டது. அவள் குந்தியிருந்து, அடுப்புக் கதவைத் திறந்து, ஐந்து எண்ணுவதற்குள் தட்டைத் திருப்பிச் சாத்தினாள். குகநாதன் காத்திருந்தது அவள் முதுகு காட்டும் அந்த நேரத்துக்குத்தான். கொண்டையைப் பிடித்து அவளுடைய முகத்தை அலுமாரி விளிம்பில் மோதினான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. உதட்டில் இரத்தம் ஊற்றுப்போலப் பாயும், பார்க்கிறவர்கள்தான் பயப்படுவார்கள். அவள் அதை விட்டுவிட்டு விலாவை முழங்கையால் மூடினாள். முன்பு ஒடிந்த பக்கத்திலேயே அவன் குத்துவான் என்று தெரியும். அங்கேதான் குத்தினான், மூன்று தரம்.

"குகன், விடு, விடு. சனம் பாக்கும்" என்றார் அண்ணை. அலுமாரி மேலிருந்த முட்டைப் பெட்டி அவர் மடியில் விழுந்து தரைக்குப் போனது. "நான் அப்பவே சொன்னனான், கதைக்கத்தான் வந்தனாங்கள்... எனக்கு எட்டு நாப்பதுக்குப் பஸ்."

ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

குகநாதன் அவளைத் தரையில் போட்டுக் கழுத்தை அமத்தினான். பெருவிரல் வாய்க்குக் கிட்ட வந்தது. இந்திரா அதன் அடிச் சதையைக் கவ்வினாள். அவன் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறவன். தோலில் வெங்காயம் மணத்தது. எலும்பு பல்லில் தட்டும் வரைக்கும் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு கையைப் பிடுங்கினான், பின்னுக்கு இடறி வாசற்படியில் கால் தவறி வெளியே விழுந்தான். உடனே எழும்பினான். மீண்டும் ஏறுவதற்காக நான்கு விரல்களையும் கதவு நிலையில் போட்டான்.

இந்திரா கதவுப் பிடியைப் பிடித்தபடி அடுப்புக்குள் எரியும் சுடரைப் பார்த்தாள். கேக்குக்கு இன்னும் இருபத்துமூன்று நிமிடம் தேவை.

இரண்டு கையாலும், உடம்பின் முழுப் பாரத்தாலும் கதவை இழுத்தாள். முதல் இழுப்பில் சுடர் அணைந்தது. இரண்டாவதில் விரல்கள் முறிந்தன.

"போடா வெளியால!" பத்தொன்பது வருடமாக அவனை நீங்கள் என்று சொன்ன வாய் அது.

திறப்பைப் போட்டுப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். வெளியே அவன் மாடு மாதிரிக் கத்தினான். கேக்கின் நடு ஏற்கெனவே கிண்ணம் போலக் குழிந்திருந்தது. அதைத் தட்டோடு தொட்டிக்குள் போட்டாள். மணி எட்டு முப்பத்தைந்து. கேக்குக்கு முக்கால் மணியும் பத்து நிமிடமும் வேண்டும், பஸ்ஸுக்கு இருபது நிமிடம். பெட்டியில் ஏழு முட்டை இருந்தது. ஒன்று உடைந்திருந்தது. தேவை ஆறு.

திருகை அமத்திப் பிடித்து இருபது எண்ணினாள். சுடர் நின்றது. ஒரு துணியை நனைத்து, மடித்து, உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் வைத்துக் கடித்தாள். கையை முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவி ரப்பர் கையுறை போட்டாள். மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். விலா நொந்தது, ஆனால் குத்தவில்லை. ஒடியவில்லை என்று முடிவு செய்தாள். பட்டரும் சீனியும் அடிக்கத் தொடங்கினாள்.

பக்கத்துக் கேரவன்காரர் கூப்பிட்ட பொலிஸ் வந்தபோது கேக் உள்ளே போய்விட்டிருந்தது. குகநாதன் புல்லில் உட்கார்ந்து, கையைக் கக்கத்துக்குள் வைத்தபடி, அவள்தான் தன்னைத் தாக்கினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பெண் பொலிஸ் படியில் கால் வைத்தாள்.

"ஏறாதீர்கள்" என்றாள் இந்திரா, ஜன்னல் வழியாக, துணியை எடுத்துவிட்டு. "கேரவன் சரியும்."

"உங்கள் முகம்... அம்புலன்ஸ் வருகிறது."

"அவரை ஏற்றட்டும். நான் கேக்கைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்."

"அவருடைய விரல்கள் எப்படி முறிந்தன?"

"நான்தான். கதவால். இரண்டு தரம். எழுதுங்கள்."

பொலிஸ்காரி வெளியே நின்றே எழுதினாள். நடுவில் இந்திரா, "ஒரு நிமிடம்" என்று சொல்லித் தட்டைத் திருப்பிவிட்டு வந்தாள்.

பதினொன்று ஐந்துக்கு அவள் கஃபே சமையலறைக்குள் நுழைந்தாள். ஃப்ரௌ பூல்மன் அவளைக் கண்டதும் கதிரையை இழுத்தார்.

"கடவுளே. உட்காருங்கள். கேக்கை விடுங்கள், வேலை உங்களுக்குத்தான்."

"முதலில் வெட்டுங்கள்."

"இந்திரா..."

"முகத்துக்காக வேலை வேண்டாம். அடுத்த மாதம் முகம் ஆறிவிடும். வெட்டுங்கள்."

ஃப்ரௌ பூல்மன் வெட்டினார். அளவுகோலை வைத்து உயரம் பார்த்தார். சரியாக இருந்தது. மேல் நிறமும் சரி. துண்டைக் கவிழ்த்தார். அடி கறுப்பாக இருந்தது.

"இது அதே கேக் இல்லை" என்றார் மெதுவாக.

"இல்லை."

"ஏன்?"

"இது இன்று காலை செய்த இரண்டாவது கேக். முதலாவதுக்காக எரிந்ததில் மண் ஓடு சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஆறவிட எனக்கு நேரம் இருக்கவில்லை. ஓட்டைக் கழற்றியிருக்க வேண்டும், அல்லது தட்டை ஒரு படி மேலே வைத்திருக்க வேண்டும். எனக்கு அது நாற்பதாம் நிமிடத்தில்தான் மணத்தது."

"முதலாவதுக்கு என்ன நடந்தது?"

"கதவை அடித்துச் சாத்தினேன். சுடர் அணைந்தது."

"ஏன் அடித்துச் சாத்தினீர்கள்?"

"ஒருவருடைய விரல் இடையில் இருந்தது."

ஃப்ரௌ பூல்மன் கறுத்த அடியைக் கத்தியால் சுரண்டிவிட்டு மிச்சத்தைத் தின்றார். அவசரப்படவில்லை. "என்னிடம் பதினொரு வருடம் வேலை செய்தவர்" என்றார், "கேக் கெட்டால் வானிலையைக் குறை சொல்வார். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வாருங்கள்."

"திங்கள் பொலிசில் வாக்குமூலம் இருக்கிறது. செவ்வாய் வருகிறேன். ஒப்பந்தம் இன்றைக்கே வேண்டும்."

அச்சியந்திரம் இரண்டு தாளைத் தள்ளியது. இந்திரா குனிந்து கையெழுத்துப் போட்டபோது உதட்டுத் துணி நழுவி, பெயருக்குப் பக்கத்தில் இரத்தம் சொட்டியது. ஃப்ரௌ பூல்மன் பரவாயில்லை என்று சொல்லித் துடைக்கப் போனார். இந்திரா தாளை எடுத்துக் கசக்கினாள்.

"இன்னொன்று அடியுங்கள். வீடு கொடுக்கிற அலுவலகத்துக்குச் சுத்தமான தாள் வேண்டும்."