உராஹமாவில் யாரும் இறங்குவதில்லை

இசோமி ஊரில் ஒகிட்சு தமொட்சுவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவரோடு சேர்ந்தாற்போல் ரெண்டு நிமிஷம் பேசியவர்களும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே பஸ், ஒரே தடம். ரயிலடியில் கிளம்பி மீன் ஏலக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், உராஹமா, கடைசியில் கலங்கரை விளக்கம். போனால் திரும்பணும், திரும்பினால் போகணும். முன் கதவில் யார் இறங்கினாலும் சரி, பல் முளைக்காததானாலும் பல் போனதானாலும், அவர் வாயிலிருந்து வருவது ஒன்றே ஒன்றுதான்.

"படி வழுக்கும். பாத்து இறங்குங்க."

எங்கள் கடற்கரையில் குளிர்காலம் வந்தால் பனி முழங்கால் உயரம் கிடக்கும். அப்போது அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. ஆகஸ்டு வெயிலிலும் அதையேதான் சொல்வார்.

"அண்ணே, ரோடு தார் உருகிக் கெடக்கு. எங்க வழுக்குது?" என்று ஏலக்கூடத்து ஆட்கள் சீண்டுவார்கள்.

"விழுந்தா தெரியும்."

அதோடு கதவை மூடிவிடுவார்.

அவருக்கு ஒரே மகன், இசாமு. பையன் பால்பல் விழும் வயதில் பெண்டாட்டி ஒசாகாவுக்குப் போனாள். போனவள் போனவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பையன் அப்பா பஸ்ஸிலேயே ஏறுவான். ஆனால் வண்டிக்குள் உறவு கிடையாது. "இங்க நான் டிரைவர். அப்பா வீட்டுலதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் தமொட்சு. பையனும் அதை விளையாட்டாக்கிக்கொண்டான். கடைசி சீட்டில் உட்கார்ந்து, நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் ஒலிநாடாப் பெண்ணின் குரலை மூக்கால் அப்படியே பேசிக்காட்டுவான். அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் எப்படி, புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் எப்படி என்று அவன் பேசப் பேச, மீன்கூடை வைத்திருக்கும் பெண்கள் சிரித்துச் சிரித்து நிறுத்தத்தைத் தவற விடுவார்கள். வீடு இருக்கும் உராஹமா வந்ததும் முன்னால் வந்து நிற்பான்.

"படி வழுக்கும். பாத்து இறங்குங்க" என்பார் தமொட்சு, முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது போல.

"தெரியும் டிரைவரய்யா. பாத்து இறங்குறேன்" என்பான் பையன், தொப்பியைத் தூக்கி.

அவ்வளவுதான் அவர்கள் கொஞ்சிக்கொண்டது. வீட்டுக்குள் அதுவும் இல்லை. சோறு, மீன், மிசோ சூப், தொலைக்காட்சியில் வானிலை.

பத்தொன்பது வயதில், அனிமே என்கிற கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கப் படிக்க டோக்கியோ போகிறேன் என்று இசாமு சொன்னபோது தமொட்சு மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பொம்மைக்கு வாய் குடுத்துப் பொழைக்கப் போறியா? போ. ஆனா ஒண்ணு, உன் குரல் இனிமே என் காதுல விழக் கூடாது."

மறுநாள் காலை முதல் நடையில் பையன் பெட்டியோடு உராஹமாவில் ஏறினான். ஓட்டியது அப்பாதான். ரயிலடி வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்கதவுப் படியில் நின்று ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தான். தமொட்சு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அவர் இறக்கிவிட்ட ஒரே பயணி அவன்தான்.

அப்புறம் பல வருஷம் ஒன்றும் இல்லை. புத்தாண்டுக்கு ஒரு அட்டை வரும். பதில் போகாது.

பிறகுதான் அந்த அனிமே வந்தது. கதை நடக்கிற ஊரை எங்கள் இசோமியைப் பார்த்துத்தான் வரைந்திருந்தார்கள். கலங்கரை விளக்கத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் பெண்ணைக் காதலிக்கிறான் ஊறுகாய்க் கடைக்காரன் மகன் ரெய்தா. நல்ல பயல், தங்கமான பயல், ஆனால் எதற்கெடுத்தாலும் நாடகம். அவள் விரல் பட்டால் மயக்கம். அவள் தும்மினால் கோயிலில் போய் விழுவான். ஒரு தடவை அவள் ஒரு பன்னில் பாதியைப் பிட்டுக் கொடுக்க, தின்ன மனசு வராமல் பெட்டியில் வைத்து, அது பூசணம் பூத்ததும், அந்தப் பன்னுக்கு ஊர்ப் பிக்குவைக் கூட்டிவந்து ஈமச்சடங்கு செய்தான். நாடு முழுக்கப் பெண்கள் அவன்மேல் பைத்தியமானார்கள். அவன் படம் போட்ட பேட்ஜுகளைப் பை நிறையக் குத்திக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள்.

பஸ் கொட்டகை மேலாளர் ஹோசாகா, தமொட்சுவைவிடச் சின்னவர். ஒரு வசந்த காலத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஒகிட்சு அண்ணே, நம்ம வண்டியில இனிமே ரெய்தா குரல்லதான் நிறுத்தம் சொல்லப் போறாங்க. டூரிஸ்டுக்காக."

"யாரு அவன்?"

"அண்ணே... நம்ம இசாமுதான். பேரை மாத்தி வச்சிருக்கான். கேட்டதும் ஒத்துக்கிட்டானாம்."

தமொட்சு டயரைத் தட்டிப் பார்த்தார். "வண்டி கம்பெனியோடது. நான் என்ன சொல்ல?"

மறுநாளிலிருந்து பஸ்ஸுக்குள் அந்தக் குரல் ஏறியது. "அடுத்தது மீன் ஏலக்கூடம்! அங்க கண்ணத் தெறந்துக்கிட்டே செத்துக் கெடக்கிற மீனெல்லாம், அவளப் பாத்த நான்தான்!" பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறங்க வேண்டியவர்கள் பொத்தானை அமுக்கினால், மணியோடு ஒரு பதிலும் வரும். "அமுக்கிட்டீங்களா? என்ன விட்டுட்டுப் போறீங்களா? போங்க, நான் அழல!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுவான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒவ்வொரு பதில்.

தமொட்சு தன் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியை மட்டும் திருகிக் குறைத்துவைத்தார்.

அந்த வருஷம் இலை உதிர்கிற காலத்தில் டோக்கியோவிலிருந்து தகவல் வந்தது. அறையில் தனியாக இருந்தபோது மாரடைப்பு. முப்பத்தோரு வயது. தமொட்சு போனார், எலும்புகளை எடுத்துக் கலசத்தில் வைத்தார், வந்தார். நாலாம் நாள் வண்டியை எடுத்தார்.

"அடுத்தது ஆஸ்பத்திரி! டாக்டருங்ககிட்ட சொல்லுங்க, அவ இன்னைக்கு என்னப் பாத்துச் சிரிச்சுட்டா. நான் பொழைக்கிறது கஷ்டம்!"

வண்டி காலியாகத்தான் இருந்தது. காலி சீட்டுகளைப் பார்த்துச் செத்தவன் கத்திக்கொண்டிருந்தான். தமொட்சு கையை மேலே கொண்டுபோய், குறைத்து வைத்திருந்த திருகைத் தொட்டார். கூட்டவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

ஓபோன் பண்டிகைக்குச் செத்தவர்கள் மூன்று நாள் வீட்டுக்கு வந்துபோவார்கள். வாசலில் தீ மூட்டி வழி காட்டுவோம், முடிந்ததும் தீ மூட்டி அனுப்பிவைப்போம். தமொட்சுவின் மகனுக்குத் தீயும் வேண்டாம், பண்டிகையும் வேண்டாம். மழை, பனி என்று பார்க்காமல் நாளுக்கு ஆறு நடை வந்தான். குரல் விழக் கூடாது என்றவர் காதில் விழுந்துகொண்டே இருந்தான். வண்டி கழுவும்போது, எஞ்சின் அணைந்த பிறகும், கடைசி சீட்டில் யாரோ மூக்கால் பேசுவது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் துடைப்பம் சாய்ந்து நிற்கும்.

மாதம் ஒரு தடவை ஃபுகுயியிலிருந்து மிவாகோ என்று ஒரு பெண் வருவாள். சலவைக் கூடத்தில் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. முன் சீட்டில் உட்கார்ந்து, ரெய்தாவின் கண்ணாடிப் பொம்மையை ஜன்னலில் வெளியே பார்க்கும்படி நிறுத்திவைப்பாள். அவன் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்தாள்.

"டிரைவரய்யா, என் மாப்ள உங்க வண்டியிலதான் நாளெல்லாம் கெடக்கான். ஒரு நாளாவது அவன் கதையப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"கல்லு மனசு! சோறு போடுற மாமியார்கூட மருமகன் மொகத்தப் பாத்துருப்பா."

அந்த வாரம் கொட்டகை ஓய்வறையில், வேறு யாரும் இல்லாதபோது, தமொட்சு பார்த்தார். பன்னுக்குச் சடங்கு செய்யும் இடத்தில் அவரையும் மீறிச் சிரிப்பு வெடித்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. தினம் ஒன்று பார்த்தார். அந்தக் கிறுக்குப் பயலை அவருக்குப் பிடித்துப்போனது. நினைத்ததை நினைத்த இடத்தில் கத்திச் சொல்கிறான், மண்டிபோட்டு அழுகிறான், மறுநாள் வெட்கமில்லாமல் மறுபடி வருகிறான். அந்த வீட்டில் வளர்ந்தவன் தொண்டையிலிருந்தா இதெல்லாம் வந்தது? எங்கே வைத்திருந்தான் இத்தனையும்?

ஒருநாள் மிவாகோ கேட்டாள். "உராஹமாவுல யாராச்சும் அமுக்கிக் கேட்டிருக்கீங்களா?"

"அங்க யாரும் இல்ல. எல்லா வீடும் பூட்டிக் கெடக்கு." தன் வீடு ஒன்று பூட்டாமல் கிடப்பதை அவர் சொல்லவில்லை. அவர் கொட்டகைக்கு நடந்தே போய்வருகிறவர்.

"ஆமா, படத்துலயும் அந்த எடம் வராது. அதனால அவன் உசுரோட இருந்தப்ப எங்க ஆளுங்க யாரும் அங்க இறங்கல. அந்த ஒரு பதில யாருமே கேக்கல. அவன் போனப்புறம் நாங்களாப் பேசி வச்சுக்கிட்டோம், இனிமே அமுக்கவே கூடாதுன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டா அவன் பேசி முடிச்சுட்டான்னு ஆயிடும்ல? ஒண்ணாவது பாக்கி இருக்கட்டும்."

அன்றிலிருந்து உராஹமா வளைவு வரும்போதெல்லாம் தமொட்சுவுக்கு அந்த நினைப்புதான். தன் வீட்டு வாசலில் மகன் வைத்துவிட்டுப் போன சொல் என்னவாக இருக்கும்? திட்டா? "வாங்கிக் கேட்டுரலாம்ணே, கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்று ஹோசாகா ஒருமுறை சொன்னதற்கு, "வேணாம்" என்று எழுந்து போய்விட்டார். ஓட்டுநர் பொத்தானை அமுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியின் பின்னால் ஒளிந்துகொண்டார்.

இந்தப் பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ரெய்தாவின் கதைக்கு அடுத்த பாகம் வருகிறது, குரல் வேறொரு பையன். பஸ்ஸிலும் பழசை அழித்துவிட்டுப் புதுசு போடுவார்கள்.

கடைசி நாள் மத்தியானம் முழுக்கப் பெண்கள் கூட்டம், அழுகை, படம் பிடித்தல். பொழுது சாய்கிற நடையில் பனி கொட்டத் தொடங்கியதும் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். மிவாகோ மட்டும் முன் சீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் தாண்டியது. வளைவு வந்தது.

"அடுத்தது உராஹமா, உராஹமா! காத்து பலமா அடிக்கும், என் இதயத்தப் பறக்காமப் புடிச்சுக்கோங்க!"

தமொட்சு முன்னால் பார்த்தபடியே சொன்னார். "அமுக்குங்கம்மா."

"என்ன சொல்றீங்க? அது ஒண்ணுதான் பாக்கி."

"அந்தக் குரல் என் பையனோடது."

"தெரியும்" என்றாள் அவள் மெதுவாக.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"முதல் தடவ நீங்க 'படி வழுக்கும்'னு சொன்னீங்களே, அப்பவே தெரியும். அவன் கத்தாமப் பேசினா அப்படியேதான் இருக்கும். மாசாமாசம் நான் வேற எதக் கேக்க வந்தேன்னு நெனச்சீங்க?" அவள் பொத்தானில் விரலை வைத்தாள். "அமுக்கிட்டா அப்புறம் எதுவும் இல்ல. நல்லா யோசிச்சுக்கோங்க."

"நாளைக்கு அழிச்சுருவாங்க. அவன் சொல்லி நான் கேக்காமப் போனதா இருக்க வேணாம். அமுக்குங்க."

அமுக்கினாள். மணி அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, இரைச்சல் மட்டும். தமொட்சு தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்த் திருகை முழுக்கத் திருப்பினார்.

அழுகை இல்லை, கூச்சல் இல்லை. ரெய்தாவே இல்லை.

"தெரியும் டிரைவரய்யா. பாத்து இறங்குறேன்."

மிவாகோ பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது.

பொத்தான் அமுக்கினால் வண்டி நிற்க வேண்டும், அதுவும் விதி. தமொட்சு பிரேக்கைப் பதமாக மிதித்து, பூட்டிய வீடுகளின் எதிரே நிறுத்தி, முன்கதவைத் திறந்தார். கடல்காற்று பனியோடு உள்ளே வந்தது. மிவாகோ எழுந்திருக்கவில்லை. ஆனாலும் அவர் கதவை மூடவில்லை. ஒரு ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நடந்து வந்து, படியில் நின்று, ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருக்கிற அளவுக்குப் பொறுத்திருந்தார். இந்தத் தடவை கண்ணாடிக்கு வெளியே பார்க்கவில்லை. படிப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"படி வழுக்கும்" என்றார். "பாத்து இறங்குப்பா."

வண்டிக்குள் அவர் ஒருவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு நெஞ்சை நிமிர்த்தி, வழக்கம்போல் கதவை மூடினார். படியில் அதற்குள் பனி மெல்லிசாகப் படிந்திருந்தது. அதில் தடம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. கியரைப் போட்டு, கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வண்டியைக் கிளப்பினார்.