நிக்கொட்டின் வருது, சிகரெட் வரேல்லை

வேலையிடத்தில் ஒருவரின் உடல்நலத்துக்குக் கேடு வரக்கூடும் என்று பாதுகாப்புப் பிரதிநிதி அறிவித்தால், நிர்வாகம் அவருக்குப் பதில் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் நிர்வாகம் அதைக் கவனிக்காவிட்டால், பிரதிநிதி விடயத்தைத் தொழிற் பரிசோதகர்களிடம் கொண்டுபோக வேண்டும். இது நோர்வேயின் தொழிற்சூழல் சட்டம். என்னுடைய பிரதியில் அந்தப் பக்கம் தேநீர்க் கறையோடு இருக்கும். அவ்வளவு தரம் திறந்திருக்கிறேன்.

ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில், வைத்தியசாலைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனத்தில் பட்டம் எடுத்துவிட்டு, இங்கே வந்து சலவைத் திரவம் அளந்தவள் நான். கடைசிப் பதினொரு வருடமும் தொழிலாளர்கள் என்னைத் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்தார்கள். நோர்வேஜியத்தில் அதற்கு வேர்னஒம்பூட் என்று பெயர். தலைக்கவசம் எங்கே, கையுறை எங்கே என்று கேட்டுக்கொண்டு திரிகிற, யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்காகச் செல்வராசாவின் கதையை எழுதுகிறேன். கோபம் ஆறியபின் எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுவதாக இல்லை.

1. நான்கு பங்கு

சலவை ஆலைக்கு வருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுண்டு. துணி வெளுப்பது நான்கு விடயத்தால்: திரவம், சூடு, நேரம், அடி. அடி என்றால் இயந்திரம் துணியைப் புரட்டி அடிக்கிற அடி. இதில் ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டலாம், ஒரு எல்லை வரைக்கும். திரவத்தை மட்டும் வாளி வாளியாக ஊற்றிவிட்டுச் சூட்டையும் அடியையும் நிறுத்தினால், விரிப்பு நனையும். வெளுக்காது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஹோகனுக்கு இந்தப் பாடம் மனப்பாடம். விரிப்பு சாம்பல் நிறத்தில் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "திரவத்தைக் கூட்டாதை. சூட்டைப் பார், நேரத்தைப் பார்" என்று கத்துவார். (நோர்வேஜியத்தில் 'நீங்கள்' வழக்கொழிந்து போய்விட்டது. மேலதிகாரிக்கும் நீ, நமக்கும் நீ.) துணி விடயத்தில் மிகச் சரியான மனிதர்.

ஒரு நவம்பரில் ஆலை 'முழுவதும் புகையற்ற இடம்' ஆனது. வாசலில் இருந்த புகைக் கொட்டிலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் எதிர்க்கவில்லை. புகைப்பழக்கம் ஆளைக் கொல்கிறது, அதில் எனக்கு வாதம் கிடையாது. புகைப்பவர்களுக்கு ஒரு திட்டம் தந்தார்கள். தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டையோ, நிக்கொட்டின் சூயிங்கமோ, ஈ-சிகரெட்டோ, விரும்பிய ஒன்றை எடுத்து மாறலாம். ஒன்றுதான். சேர்த்து எடுக்க முடியாது. ஈ-சிகரெட் என்றால் வெளியே, நிலத்தில் கீறிய மஞ்சள் கோட்டுக்குள் நின்று ஊதலாம். அதற்குப் பிறகு ஆலை வளவுக்குள் சிகரெட்டோடு பிடிபட்டால் எச்சரிக்கைக் கடிதம். இரண்டு கடிதத்துக்குப் பிறகு வேலை போகும்.

செல்வராசா ஈ-சிகரெட் எடுத்தார். வயது ஐம்பத்தெட்டு, பதினேழு வயதிலிருந்து புகைக்கிறவர். விரிப்புகளை அழுத்தி மடிக்கும் இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். லோறென்ஸ்கூக்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மற்றவர்கள் வரும்முன் உருளைகளைச் சூடேற்றி வைத்திருப்பார். உண்மையிலேயே நிறுத்த விரும்பினார். வைத்தியர் காலின் இரத்தக்குழாயைக் காட்டிப் பயப்படுத்தியிருந்தார்.

2. மாறித்தின் படிவம்

திட்டத்தை நடத்த மாறித் என்று ஒரு ஆலோசகரை அமர்த்தினார்கள். முப்பது வயதுப் பெண், நல்ல பிள்ளை. அதைச் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் ஏலக்காய் போட்ட பண் சுட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொருவரையும் உட்கார்த்தி, ஒரு படிவம் நிரப்புவாள். நிக்கொட்டின் அளவு போதுமா? நிக்கொட்டின் தேவை எப்படி இருக்கிறது? கீழே கையெழுத்து.

ஆறு வெள்ளிக்கிழமையும் செல்வராசா ஒரே பதிலைச் சொன்னார். "ஃபீன்ட்." நல்லது. ஆறு தரமும் கையெழுத்து வைத்தார்.

அதே ஆறு வாரத்துக்குள் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் சிகரெட்டோடு ஹோகனிடம் பிடிபட்டார். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

3. கொட்டகைக்குப் பின்னால்

கடிதம் வந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடிப்போனேன். பனி காலைக் கடித்தது. மஞ்சள் கோட்டுக்குள் நின்று அந்தக் கருவியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செல்வம், பூசை செய்யிறீரோ?"

"குளிருக்கு இதின்ரை பற்றரி செத்துப்போச்சு அக்கா. சூடு காட்டினாத்தான் மூச்சு வரும். சிகரெட் எண்டா அது எனக்குச் சூடு காட்டும். இதுக்கு நான் காட்ட வேண்டிக்கிடக்கு."

"வேலை செய்யுதோ இல்லையோ, அதைச் சொல்லும்."

அவர் ஒரு இழுவை இழுத்து, வெள்ளையாய் ஊதினார். புகையைவிட அழகாகத்தான் இருந்தது.

"நிக்கொட்டின் வருது அக்கா. சிகரெட் வரேல்லை."

"விளங்கேல்லை."

"தலைக்குள்ளை கொஞ்சம் ஏறுது. கை நடுங்கிறது குறைஞ்சிருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா தொண்டையிலை ஒண்டும் பிடிக்கேல்லை. மணமில்லை. எப்ப முடியுது எண்டும் தெரியேல்லை. சிகரெட் எண்டா கடைசியிலை நசிச்சுப்போட்டு உள்ளை போவன். இது முடியிறதே இல்லை, ஊதிக்கொண்டே நிக்கிறன். நீங்கள் கெமிஸ்ட்ரி படிச்சனீங்கள், சொல்லுங்கோ. அதே மருந்துதானே, ஏன் அடங்கேல்லை?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிகரெட் புகையில் நிக்கொட்டின் தனியாக வருவதில்லை. மூளையில் மனநிலையைத் தாங்குகிற பொருட்களை உடைக்க ஒரு நொதியம் உண்டு. புகையில் இருக்கிற வேறு சில பொருட்கள் அந்த நொதியத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால்தான் சிகரெட்டின் பிடி இவ்வளவு இறுக்கமோ என்று ஆராய்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள். பிறகு நிக்கொட்டின் மூளைக்குப் போகிற வேகம், தொண்டைக் கீறல், மணம், விரலுக்கும் வாய்க்கும் நாற்பது வருடமாக இருக்கிற பழக்கம். நிக்கொட்டின் நீக்கிய சிகரெட்டே சிலரின் தவனத்தைச் சற்று நேரம் தணிக்கும் என்று வாசித்திருக்கிறேன். எல்லாருக்கும் இப்படி இல்லை. ஈ-சிகரெட்டுக்கு மாறி நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இவர் அவர்களில் ஒருவர் அல்ல.

"அப்ப திரவம் மட்டும் ஊத்தினா விரிப்பு வெளுக்காது," என்றார் செல்வராசா.

சலவைத் தொழிலாளி. ஒரே வசனத்தில் விளங்கிக்கொண்டார்.

"பிறகேன் அந்தப் பிள்ளைக்கு ஆறு கிழமையும் ஃபீன்ட் எண்டு சொன்னனீர்?"

அவர் என்னை ஏதோ புத்திகெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பண் சுட்டுக்கொண்டெல்லோ வாறவள் அக்கா. அவளின்ரை முகத்தைப் பாத்து, உன்ரை சாமான் சரிவரேல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் "பிழையில்லை" என்பார். கேட்டவருக்குச் செய்கிற மரியாதை அது. நோர்வேயில் அந்த மரியாதைக்குக் கீழே கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுவார்கள் என்று ஒருவரும் செல்வராசாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

மாறித்திடம் போனேன். "அவருக்கு நிக்கொட்டின் போதுமாய் இருக்கு. போதாதது மற்றதுகள்," என்றேன்.

அவள் படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். உண்மையிலேயே தேடினாள். "மற்றதுகளுக்குக் கட்டம் இல்லையே," என்றாள்.

4. என் கடிதம்

டிசம்பர் நடுப்பகுதியில் நிர்வாகத்துக்கு எழுதினேன். ஒன்றரைப் பக்கம், பிழையில்லாத நோர்வேஜியம். மூன்று கோரிக்கை. நிறுவன வைத்தியர் அவரைப் பார்க்க வேண்டும். பட்டையையும் மற்றதையும் சேர்த்து எடுக்க அனுமதிக்க வேண்டும். அதுவரை எச்சரிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும். திரவம், சூடு, நேரம், அடி என்று ஹோகனுக்கு விளங்கும் பாஷையில் ஒரு பந்தியும் சேர்த்தேன்.

பதில் இல்லை. ஜனவரியில் நினைவூட்டினேன். பதில் இல்லை. அதற்குப் பதிலாகச் செல்வராசாவுக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அந்தக் கடிதம் மட்டும் ஒரே நாளில் தயாரானது.

ஹோகனைத் தேநீர் அறையில் மறித்தேன்.

"உன்ரை கடிதம் பரிசீலனையிலை இருக்கு," என்றார்.

"எந்த மேசையிலை?"

"அப்பிடிக் கேட்டா எனக்குத் தெரியாது. இங்கை பார், அந்தாளுக்கு நிக்கொட்டின் கிடைக்குது. ஃபீன்ட் எண்டு அவரே கையெழுத்து வைச்சிருக்கிறார். மிச்சம் மனப்பான்மை."

"போன கிழமை விரிப்பு சாம்பலாய் வந்தது. திரவம் சரியான அளவிலைதான் போனது. அப்ப விரிப்பின்ரை மனப்பான்மையோ?"

அவர் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். அது ஒழுங்கு விதி மீறல். அதற்கும் அறிவித்தல் எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

என்னுடைய பிழையைச் சொல்ல வேண்டிய இடம் இது. தொழிற் பரிசோதகர்களுக்கான கடிதம் என் மேசை லாச்சிக்குள் எழுதி முடிந்து கிடந்தது. அனுப்பவில்லை. 'நியாயமான காலம்' என்று சட்டம் சொல்கிறது, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நான் தாராளமாக நான்கு வாரம் கொடுத்தேன், பிறகு இன்னும் நான்கு. ஒருவரும் என் நடைமுறையில் குறை பிடிக்கக்கூடாது என்ற கர்வம். செல்வராசா கேட்டபோதெல்லாம், "பொறும், பதில் வரட்டும். சட்டம் எங்கடை பக்கம்" என்றேன். அவரும் பொறுத்தார். சொன்னது நானல்லவா.

5. கலந்துரையாடல்

பெப்ரவரி இருபத்தேழு காலை மூன்றாவது தடவை பிடிபட்டார். அன்று பிற்பகலே அவரை மேலே கூப்பிட்டார்கள். வேலைநீக்கத்துக்கு முன் கலந்துரையாடல் நடத்த வேண்டும் என்பது விதி, அதை மட்டும் சரியாகச் செய்தார்கள். தனக்குத் துணையாக ஒரு பிரதிநிதியை அழைத்துவரத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நான் அன்று திராமன் நகரில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தேன். பாதுகாப்புப் பிரதிநிதிகளின் உரிமைகள் பற்றிய வகுப்பு. சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம்.

நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, பஸ் தரிப்பிலை நிக்கிறன். கையெழுத்து வைச்சிட்டன்."

"என்ன கையெழுத்து?"

"நானாய் விலகிறன் எண்டு. வேலையாலை நிப்பாட்டினது எண்டு கடுதாசியிலை வராதாம். மூண்டு மாசச் சம்பளம் தருவினமாம்."

"ஏன் செல்வம்? எனக்கு அடிச்சிருக்கலாமே. ரெண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கலாமே!"

பஸ் ஒன்று வந்து நின்று கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏறவில்லை போலும். கதவு மூடிப் போய்விட்டது.

"ஹோகன் ஆறு படிவத்தையும் மேசையிலை வரிசையா வைச்சார் அக்கா. எல்லாத்திலையும் என்ரை கையெழுத்து. நான் என்ன சொல்ல? கடைசியா, 'இது உனக்குச் சரிதானே?' எண்டு கேட்டார்." "பழக்கத்திலை, ஃபீன்ட் எண்டிட்டன்."

அன்று அந்த வகுப்பறைக்கு வெளியே நின்று, என் காதே கேட்கக்கூடாத சொற்களை யாழ்ப்பாணத் தமிழில் சத்தமாகச் சொன்னேன். வகுப்புக்குப் பேர்கன் நகரிலிருந்து வந்த ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

செல்வராசாவின் உள்ளூர் மருத்துவ நிலையத்தில் ஒரு தாதி பிறகு அவரைப் பொறுப்பெடுத்தாள். அவள் படிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சிகரெட்டில் இருந்தது என்ன, இப்போது இல்லாமல் இருப்பது என்ன?" அவர் முக்கால் மணித்தியாலம் கதைத்தாராம். அவள் பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துக் கொடுத்தாள், தேநீருக்குப் பின் புகைக்கிற பத்து நிமிடத்துக்குக் கைக்கு வேறு வேலை கண்டுபிடித்தாள். கோடைக்குள் அவர் நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு வருடம் வேலை செய்த இடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. என்னைக் கோபப்படுத்துவது இதுதான். தேவைப்பட்டது ஒரு கேள்வி.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே விடயம். ஒருவர் "பிழையில்லை" என்றால் அதை எழுதாதீர்கள், திரும்பக் கேளுங்கள். நிர்வாகத்துக்கு எழுதும்போது, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள், அந்த நாள் முடிந்த மறுநாள் காலை லாச்சியைத் திறவுங்கள்.

என் டிசம்பர்க் கடிதத்துக்கும் பதில் வந்தது. ஐந்து வரி. என் கருத்துக்கு நன்றி. நிக்கொட்டின் மட்டும் எல்லோருக்கும் போதாது என்பது கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. படிவத்தில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் சேர்க்கப்படும். குறித்த ஊழியர் சுயவிருப்பில் விலகியதால் அவர் தொடர்பாக மேலதிக நடவடிக்கை தேவையில்லை. கீழே ஹோகனின் கையெழுத்து.

வந்த திகதியைக் கடித மூலையில் நானே எழுதிக் கோப்பில் வைத்தேன்: மார்ச் நான்கு.