பாதியில் பாதி

பாலைவன நகரமான திமிமூனுக்குத் தெற்கே உள்ள அந்தப் பேரீச்சந்தோப்பூரில் ஹம்மூவுக்கு நியாயஸ்தர் என்று பேர். பேரீச்சம்பழம் விற்கும்போது தராசுத் தட்டு வாங்குகிறவர் பக்கம் தாழவில்லை என்றால் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார். ஊர் அவரை நியாயஸ்தர் என்றது. அவரும் அதை நம்பித் தொலைத்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா இறந்தபோது ஹம்மூவுக்கு நாற்பத்திரண்டு வயது. தாயார் முன்பே போய்விட்டதால் பங்குக்கு இருந்தது அவரும் தங்கை தாவியாவும் மட்டும். மார்க்கச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. நிலத்தைக் கயிறு பிடித்துப் பிரித்துவிட்டார்கள். தண்ணீரைப் பிரிப்பதுதான் பாடு. மணலுக்கு அடியில் சுரங்கமாக வரும் கால்வாய் வெளியே வந்ததும் சீப்பு மாதிரிப் பல் வெட்டிய ஊர்ச் சீப்புக் கல்லில் மோதி, பல்லுக்குப் பல் பிரிந்து வீட்டுக்கு வீடு போகும். அதை அளப்பதற்கென்றே ஓர் அளவுக்காரர் உண்டு. துளை போட்ட செப்புத் தகட்டோடு வருவார். சாட்சிக்கு நாலு பெரியவர்கள் கூட நிற்பார்கள். அதனால் அண்ணன் தங்கைக்குள் அளவுக்காரரைக் கூப்பிடுவது, வீட்டுச் சண்டையைத் தண்டோரா போட்டுச் சொல்வது மாதிரி.

"நமக்குள்ள எதுக்குண்ணே அளவுக்காரரு? நீயே வெட்டிடு" என்றாள் தாவியா.

ஹம்மூவே வெட்டினார். வீட்டு வாய்க்காலின் குறுக்கே வைக்கும் பலகைக் கல் ஒன்றில் தன் மடைக்கு நாலு விரல் அகலம், நாலு விரல் ஆழம். தங்கைக்குத் தன்னுடையதில் பாதி சேர வேண்டும். ஆகவே இரண்டு விரல் அகலம், இரண்டு விரல் ஆழம். அகலத்தை மட்டும் பாதியாக்கினால் அரைகுறை வேலை என்று யாராவது சொல்லிவிடக் கூடாதே என்று, மெனக்கெட்டு ஆழத்தையும் பாதியாக்கினார். நியாயஸ்தர் அல்லவா!

அடுத்த வருஷக் கோடையில் தாவியா வந்து நின்றாள்.

"அண்ணே, தண்ணி பத்தல. ஓரத்து மரமெல்லாம் காயுது. அந்தக் கல்லக் கொஞ்சம் பாரேன்."

"பாத்துதானே வெட்டுனேன்? அகலமும் பாதி, ஆழமும் பாதி. பாதின்னா பாதிதான். ஒன் வீட்டுக்காரன் வரப்புல படுத்துத் தூங்குனா அதுக்குக் கல்லு என்ன பண்ணும்?"

அவள் கணவன் பூஜெமா அப்படித் தூங்குகிறவன் இல்லை. இருட்டோடு எழுந்து மண்வெட்டியைத் தூக்குகிறவன். தாவியா திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு கல்லைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நாலு வருஷத்தில் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. ஆடுகளை விற்றார்கள், பூஜெமாவுக்கு பஷார் நகரத்தில் காவல் வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று காலையில் தாவியா தன் மடையைக் களிமண்ணால் அடைத்தாள், தண்ணீர் முழுவதும் அண்ணனுக்கே போகட்டும் என்று. ஊரில் கேட்டவர்களிடம் ஹம்மூ, "மச்சானுக்கு ஒடம்பு வளையாது" என்று சொல்லிக்கொண்டார்.

பத்தொன்பது வருஷம் ஓடியது. முதியோர் வகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தார்கள். எத்தனை நாளைக்குத்தான் கைநாட்டு வைப்பது என்று ஹம்மூவும் போய்ச் சின்னப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். ஆசிரியை ஹஸ்னாவுக்கு அவருடைய பேத்தி வயசு இருக்கும். ஒருநாள் பலகையில் ஒரு கட்டம் வரைந்தாள்.

"பெரியப்பா, இத நெடுக்கப் பாதியாக்குறேன். குறுக்கவும் பாதியாக்குறேன். எத்தன துண்டு?"

"நாலு."

"அதுல ஒரு துண்டு, முழுசுல என்ன?"

"கால்" என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "என்னா ஹம்மூ, கால் மரத்துப்போச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வகுப்பு கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நாலு நாலு பதினாறு. இரண்டு இரண்டு நாலு. மொத்தம் இருபது. அதில் தாவியாவுக்குப் போனது நாலு. அதாவது ஐந்தில் ஒன்று. சேர வேண்டியதோ மூன்றில் ஒன்று.

"டீச்சரம்மா, மூணுல ஒண்ணுலேருந்து அஞ்சுல ஒண்ணு போனா மிச்சம் என்ன?"

"அது அடுத்த மாசப் பாடம் பெரியப்பா."

"அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராதும்மா."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஹஸ்னா சாக்பீஸை எடுத்தாள். துண்டுகள் ஒரே அளவாக இல்லாமல் கழிக்க முடியாது, முழுசைப் பதினைந்தாக வெட்டிக்கொள்ளலாம் என்றாள். ஹம்மூ சட்டைப் பையிலிருந்து பதினைந்து பேரீச்சங்கொட்டைகளை எடுத்துப் பெஞ்சில் பரப்பினார். மூன்றில் ஒன்று என்றால் ஐந்து கொட்டை. ஐந்தில் ஒன்று என்றால் மூன்று. மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

பஷாருக்கு பஸ்ஸில் ஒரு பகல் பயணம். மூன்றாவது மாடியில் தாவியா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. டீ ஊற்றிக் கொடுத்தாள். ஹம்மூ கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு கொட்டைகளையும் தட்டில் வைத்தார்.

"அப்பா தண்ணியில பதினஞ்சுல ரெண்டு, ஒனக்குச் சேர வேண்டியது, நான் எடுத்துக்கிட்டேன் தாவியா. தெரியாம."

அவள் கொட்டைகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. மொத நாளே ரெண்டு மடையிலயும் கைய வச்சுப் பாத்தேன்."

"அப்ப அளவுக்காரரக் கூப்பிட்டிருக்கலாமே!"

"நாலு பேரச் சாட்சிக்கு நிறுத்தி, எங்கண்ணன் என் தண்ணிய எடுத்துக்கிட்டான்னு சொல்லச் சொல்றியா? மரம் போனாப் போவுது, ஒம் பேராவது நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஹம்மூ டீ கிளாஸைக் கீழே வைத்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இப்பத் தர்றேன்மா. எல்லாத்தயும் திருப்பித் தர்றேன்."

"தந்தா எங்க ஊத்துறது? இந்த மூணாவது மாடியிலயா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டு, அவர் பக்கம் பாராமல் தோள்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே ஹம்மூ அளவுக்காரரை வரச் சொன்னார். சாட்சிக்கு நாலு பெரியவர்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்தது.

"யாரு மேல யாரு புகாரு?" என்றார் அளவுக்காரர்.

"எம்மேல நாந்தான்" என்றார் ஹம்மூ. கதை முழுவதையும், மச்சானைப் பேசிய பேச்சையும் ஒன்று விடாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு குனிந்து, பத்தொன்பது வருஷமாக இறுகிக் கிடந்த களிமண்ணைத் தன் விரலாலேயே தோண்டினார். அளவுக்காரர் தகட்டை வைத்துப் பார்த்து மடையைச் செதுக்கினார்.

அன்று மத்தியானம் தாவியாவின் தோட்டத்துக்குச் சரியாக மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போனது. குடிக்க அங்கே ஒரு மரம்கூட இல்லை.