கிண்ணத்தின் அடியில் இருந்த பெயர்

அம்மா இறந்த நான்காவது மாதம் அப்பாவை மூன்று மாத விசாவில் மியூனிக் அழைத்து வந்தேன். திருச்சி வீட்டில் அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. கண்ணில் அழுத்த நோய். வலது கண் முழுவதும் போய்விட்டது. இடது கண்ணில், சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் தனியாள்; ஆபீஸ் போய்விட்டால் நாள் முழுவதும் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். "டிராம் சத்தம் கேட்டுக்கிட்டிருந்தேன்பா" என்பார் சாயங்காலம்.

கீழ் வீட்டில் ஒரு ஜெர்மன் மூதாட்டி இருந்தார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து காலமானவர். படிக்கட்டில் பார்த்தால் எனக்கு வணக்கம் சொல்வார், அவ்வளவுதான் பழக்கம். ஒரு சனிக்கிழமை காலை அவர் எங்கள் மணியை அடித்தார். கையில் துவாலையால் சுற்றிய ஏதோ ஒரு கனமான பொருள்.

"என் கணவர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. அடியில் எழுத்து இருக்கிறது. உங்கள் பக்கத்து எழுத்துதானே? படித்துச் சொல்ல முடியுமா?"

இரண்டு கையாலும் ஏந்தவேண்டிய பெரிய வெள்ளிக் கிண்ணம். சுற்றிலும் வளைவு வளைவாகப் பிரித்த அறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளிருந்து தட்டிப் புடைத்த மனிதர்களும் மான்களும் மரங்களும். கவிழ்த்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக ஏதோ வெட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரங்கூன்னா சொன்னாங்க? இங்க குடு" என்றார் அப்பா.

அப்பா பிறந்தது பர்மாவில், மௌல்மீன் என்ற ஊரில். பதினேழு வயதுவரை பர்மியப் பள்ளியில் படித்தார். அறுபதுகளில் இந்தியர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பியபோது அவரும் வந்தார். அந்த மொழியில் அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

கிண்ணத்தை மடியில் கவிழ்த்து வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணுக்குப் பிடிபடவில்லை. விரல் நுனியால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். வெகுநேரம் ஆயிற்று. பிறகு எனக்குத் தெரியாத அந்த மொழியில் மெல்ல வாசித்தார். அவர் குரலே வேறாக இருந்தது.

"புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேர் பேரு. மடத்துக்குக் குடுத்த தானம். இந்தப் புண்ணியம் எல்லாருக்கும் சேரட்டும்னு போட்டிருக்கு."

அப்பாவால் ஒரு காரியம் ஆயிற்று என்ற பெருமையில் அப்படியே எனது அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். மூதாட்டி அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"அது என் பெயர் இல்லை" என்றார்.

அப்பா மடியிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். "திருமண நாளுக்குக் கொடுத்தார். உன் பெயரை அவர்கள் எழுத்தில் வெட்டச் சொன்னேன் என்றார். இத்தனை வருடமாகத் துடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்."

"என்னப்பா சொல்றாங்க?" என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அவங்க பேருன்னே படிச்சிருப்பேனே" என்றார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

சும்மா அனுப்ப மனமில்லாமல், சுற்றிலும் இருந்த உருவங்களைத் தடவிக் கண்டுபிடித்து ஒரு கதை சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். காட்டில் பார்வையற்ற தாய் தந்தை. தண்ணீர் மொள்ளப் போன மகன்மேல் ராஜாவின் நச்சு அம்பு பாய்கிறது. பெற்றோர் வந்து அவன்மேல் விழுந்து, இவன் எங்களைக் காப்பாற்றியது உண்மையானால் இவன் எழட்டும் என்கிறார்கள். மகன் எழுகிறான். அவர்களுக்கும் பார்வை வருகிறது. முற்பிறவி ஒன்றில் புத்தர்தான் அந்த மகன். மூதாட்டி மரியாதையாகக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி, கிண்ணத்தைத் துவாலையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

"நம்ம ராமாயணத்துல அந்தப் பையன் செத்துப் போயிடுவானேப்பா" என்றேன்.

"ஆமா. பெத்தவங்களும் செத்துடுவாங்க. இவங்க கதையிலதான் பொழைச்சுக்குறான்."

அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி, "இந்த விசாவ நீட்டிக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்" என்றார். அப்பா என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. படிப்பு, வேலை, வெளிநாடு எல்லாம் நான் கேட்டவைதான்.

அரை நாள் லீவு போட்டு வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். விருந்தாளியாக வந்தவர் திரும்பியாக வேண்டும். பெற்றோரை இங்கேயே வைத்துக்கொள்வது மிக அரிதான காரணங்களுக்கு மட்டும்.

"அங்கே பார்த்துக்கொள்ள வேறு பிள்ளைகள் இல்லையா?"

"நான் ஒருவன்தான்."

"அப்படியானால் நீங்கள் அங்கே போகலாமே?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. என் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பாவிடம், "முடியாதாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்வியைச் சொல்லவில்லை. "சரிப்பா, கேட்டியே, அது போதும்" என்றார். குறித்த தேதியில் விமானநிலையத்தில் உதவிக்கு வந்தவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் நின்ற பக்கம் எது என்று தெரியாமல் அப்பா வேறு பக்கம் பார்த்துக் கையசைத்தார்.

மூதாட்டியைப் பிறகு ஒருமுறை குப்பைத் தொட்டிகள் பக்கம் பார்த்தேன். கிண்ணத்தை யாரோ பழம்பொருள் சேகரிப்பவருக்குக் கொடுத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்டேன். "நான் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள்" என்றார். அதன்பின் என் கதவுப் பக்கம் அவர் வரவில்லை.

ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் செய்வேன். "கண்ணு எப்படிப்பா இருக்கு?" "அப்படியேதான் இருக்கு. பேப்பர்ல தலைப்பு வரைக்கும் படிக்கிறேன்" என்பார். அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: அப்பாவுக்கு ஆறு மாதமாக ஒன்றுமே தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்புறம் போய் வருகிறார்.

உடனே கிளம்பிப் போனேன். சமைக்க ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தேன். மருந்துச் சீசாக்களில் ரப்பர் வளையம் மாட்டி, ஒரு வளையம் காலை, இரண்டு வளையம் இரவு என்று சொல்லிக்கொடுத்தேன். அவரும் சரி சரி என்று பழகிக்கொண்டார். ஆபீசில் கொடுத்தது பத்து நாள் லீவு. பதினோராம் நாள் மியூனிக்கில் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.